வலி வருமுன் போடும் மாத்திரை

மேல் டிவிசன், கொட்டகலை.
21.01.2024

அன்புள்ள தங்கச்சி மெரினாவுக்கு,

மடத்தில் நீயும் மற்றச் சகோதரிகளும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். இங்கே பனி கடுமை. காலையில், தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகுமுன், பிள்ளைக் காம்பராவில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகிறது. நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை.

நத்தார்த் திருநாள் முடிந்த வாரம் மறுபடியும் அந்த வலி வந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்கு ஏறும் என்று முன்பு எழுதியிருந்தேனே, அதுதான். இவ்வளவு காலமும் வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். இந்த முறை கையில் ஒரு குழந்தையை வைத்திருக்கும்போதே வந்துவிட்டது. எப்படியோ அதைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று, நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

தோட்டத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கல். பையையே எடுத்துவிட வேண்டுமாம். வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுப்பார்களாம். காலையில் போனால் சாயந்தரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் கூடிவிட்டது.

நம் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் செய்தபோது நீ சின்னப் பிள்ளை. உன்னை வார்டுக்குள் விடவில்லை. நான்தான் கூட இருந்தேன். வயிற்றில் ஒரு சாணுக்குத் தையல். இருமல் வந்தால் கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அம்மா அழும். அங்கே நர்ஸ்மார் இருந்தார்கள், ஊசி இருந்தது. இங்கே லயத்து வரிசை வீட்டில், இந்த ஒற்றைக் காம்பராவில் நான் ஒருத்தி என்ன செய்வேன்?

போன கடிதத்தில் என் மகன் மிலானைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொழும்பில்தான் இருக்கிறான். சுகமாகத்தான் இருப்பான்.

எனக்காக வேண்டிக்கொள். இருமலுக்குச் சுடுதண்ணீர் குடி.

உன் அக்கா,
மார்கிரட்

---

தியான மடம், சிலாபம்.
04.02.2024

ஆண்டவரில் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். என் இருமல் போய்விட்டது. உங்கள் வலியைப் பற்றிக் கேட்கத்தான் இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

அம்மாவுக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கள் மடத்தில் ஒரு வயதான சகோதரிக்கு இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஓட்டை ஆபரேஷன்தான் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் தோட்டத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலி இருந்ததா என்று உங்களுக்காகவே கேட்டேன். இருந்ததாம், ஆனால் மாத்திரைக்கு அடங்குகிற வலியாம்.

எனக்குக் கவலை வேறு. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றால் வீட்டில் யார் இருப்பார்கள்? சிறில் அத்தான் காலமானபின் அந்தக் காம்பராவில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள். மிலானிடம் சொன்னீர்களா? அவன் கீழ் லயத்து வீரம்மாக்காவின் மகள் ஜீவராணியைப் பதிவுத் திருமணம் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. "சுகமாகத்தான் இருப்பான்" என்று எழுதுகிறீர்கள். அவனோடு பேசுவதில்லை என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?

பதினாலாம் திகதி திருநீற்றுப் புதன். அதிலிருந்து தவக்காலம் முடிந்து உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. உங்களுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் வருகிற கடிதத்தை மடத்துத் தலைவி அம்மா வாசிக்கத் தருவார். ஆகவே நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம். பதில் வராவிட்டால் நான் வாசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

கழுத்துக்குத் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

உங்கள் தங்கச்சி,
மெரினா

---

கொட்டகலை.
25.02.2024

அன்புள்ள மெரினாவுக்கு,

நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரிந்துகொண்டு எழுதுவது சுவரோடு பேசுவது போல இருக்கிறது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய். அது போதும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்ச் சாப்பாட்டை விட்டதிலிருந்து வலி பெரிதாக வரவில்லை.

ஆபரேஷனுக்கு மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின பரிசோதனைக்குப் போய்வந்தேன். டாக்டர் கௌசி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மிலான் வயதுதான் இருக்கும். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசியது. அம்மாவின் கதையை நான் சொல்லச் சொல்ல நடுவில் வெட்டாமல் கேட்டது. அப்புறம் சொன்னது: "நோ வந்தாப் பிறகு குளுசை போடுறேல்லை அம்மா. வர முந்தியே போட வேணும். நோ இருந்தா நீங்கள் மூச்சை இழுத்து விட மாட்டியள், எழும்பி நடக்க மாட்டியள். பிறகு நெஞ்சில சளி கட்டும்." வலியை அவர்கள் நோ என்கிறார்கள், மாத்திரையைக் குளுசை என்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓட்டை போடும் இடத்தில் மரத்துப்போக ஊசி போடுவார்களாம். வீட்டுக்கு இரண்டு வகை மாத்திரை தருவார்களாம். ஒன்று பனடோல். இன்னொன்றைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் சில நாளைக்கு நேரம் தவறாமல் போட வேண்டுமாம். அதையும் மீறினால் போட ஒரு கடுமையான மாத்திரை வேறு. வயிற்றை ஊதுகிற காற்றினால் தோள்பட்டை வலிக்கும், அதற்குப் பயப்படக் கூடாது என்றது. காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, வயிற்று வலி குறையாமல் ஏறினாலோ உடனே வந்துவிட வேண்டுமாம்.

முதல் நாள் இராத்திரிக்கு வளர்ந்த ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே அனுப்பமாட்டோம் என்றும் சொன்னது. மகன் வருவான் என்று சொன்னேன். ஆகவே நீ யோசிக்காதே. மிலான் வருவான்.

இந்தத் தவக்காலத்துக்கு நான் உடம்பை வருத்தும் ஒறுத்தல் தேடிப் போக வேண்டியதில்லை. ஆண்டவரே கையில் கொடுத்துவிட்டார். இந்த வலியை ஒரு பெரிய காரியத்துக்காக அவருக்கு ஒப்புக்கொடுக்கப் போகிறேன். என்ன காரியம் என்று கேட்காதே.

உன் செபத்தில் என்னை மறக்காதே.

அக்கா,
மார்கிரட்

---

தியான மடம், சிலாபம்.
03.03.2024

அன்பான வீரம்மாக்காவுக்கு,

வணக்கம். என்னை மறந்திருக்கமாட்டீர்கள். மார்கிரட்டின் தங்கச்சி மெரினா. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உங்கள் வீட்டில் ரொட்டி வாங்கித் தின்ற பிள்ளை. நீங்கள் எல்லாரும் நலம்தானே? மலையில் தேயிலைக் கொழுந்து எப்படி?

இந்தக் காலத்தில் எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை. மடத்து அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டேன். "எழுதுங்க, இதையும் ஒரு செபம்னு நெனச்சுக்கலாம்" என்றார்.

வருகிற பன்னிரண்டாம் திகதி அக்காவுக்கு ஆபரேஷன். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். மிலான் வருவான் என்று எனக்கு எழுதியிருக்கிறார். வருவதாக இருந்தால் எந்த ரயிலில் வருகிறான், என்ன சமைத்து வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பார். ஒரே வரி எழுதியதால் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனிடம் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். தனியாகப் போய்த் தனியாக வந்து கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார்.

பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். குற்றம் யாருடையது என்றும் தெரியும். அது என் அக்காவுடையது. அப்படி இருந்தும் உங்களைத்தான் கேட்கிறேன். அந்த முதல் இரண்டு நாளைக்கு அவரோடு இருப்பீர்களா?

இன்னொன்று. வலி மாத்திரையை நேரத்துக்குப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா போடமாட்டேன் என்று நிற்கலாம். தவக்காலம், ஒறுத்தல் என்பார். நோயாளிக்கு உபவாசமும் ஒறுத்தலும் கடமை இல்லை என்பது எங்கள் திருச்சபைச் சட்டம், தங்கச்சி சொல்லச் சொன்னாள் என்று சொல்லிவிடுங்கள்.

மடத்தை விட்டு வெளியே வர எங்களுக்கு முடியாததால், நான் வந்து நிற்க வேண்டிய இடத்தில் உங்களை நிற்கச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மெரினா

---

கொட்டகலை.
15.03.2024

அன்புள்ள மெரினாவுக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. மிலானுக்கு லீவு கிடைக்கவில்லை. கீழ் லயத்து வீரம்மா வந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குனிந்து எழுத முடியவில்லை. நன்றாக இருக்கிறேன். நீ சுகமாக இரு.

மார்கிரட்

---

மாரியம்மன் துணை
கீழ் லயம், கொட்டகலை.
17.03.2024

மரியாதைக்குரிய மெரினா சிஸ்டருக்கு வீரம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். மடத்தில் எல்லோரின் நலத்துக்கும் சாமியைக் கும்பிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தைத் தோட்டத்து ஆபிசில் வாங்கிய அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்லவில்லை. என் மகள் கழுத்தில் தாலியோடு வந்து நின்றபோது கதவைச் சாத்தியவர்களுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று இருந்தது. ஆனால் ரொட்டி தின்ற பிள்ளை என்று எழுதியிருந்தீர்களே. அதனால் போனேன்.

பன்னிரண்டாம் திகதி விடியக்காலம் த்ரீவீல் வண்டி வந்து நின்றதும் நானும் பையோடு போய் ஏறி உட்கார்ந்தேன். உங்கள் அக்கா என்னைப் பார்த்தார்கள், இறங்கு என்று சொல்லவில்லை. டவுன் போகும் வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா மாத்திரை விவரம் எல்லாம் என்னிடம்தான் சொன்னார். சாயந்தரம் அனுப்பும்போது அக்கா தெளிவாகத்தான் இருந்தார்கள். திரும்பி வருகையில் குண்டு குழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் வயிற்றில் தலையணையை வைத்து நான் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ஊசியின் மயக்கத்தில் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மாத்திரையைக் கொடுத்தேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். நான் துணி அலசிவிட்டு உச்சிப் பொழுதில் வந்து பார்க்கிறேன், முகம் சாம்பல் நிறம். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. அசையவில்லை, பேசவில்லை. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. தோளைத் தொட்டுக் காட்டினார்கள். மாரடைப்பு என்று பயந்துவிட்டார்கள் போல. அது வயிற்றில் ஊதிய காற்று, டாக்டரம்மா சொன்னதுதான் என்று சொல்லி, முதுகைத் தாங்கிச் சாய்த்து வைக்கத் தலையணையைத் தூக்கினேன். அடியில் முகம் துடைக்கிற லேஞ்சி. அதற்குள் காலையில் கொடுத்த மாத்திரை எல்லாம் ஈரத்தோடு கிடந்தது.

"இது என்னாங்க?" என்று கேட்டேன்.

"தபசு காலம்" என்றார்கள்.

நீங்கள் எழுதிய சட்டத்தை, உங்கள் பேரை இழுக்காமல், சொன்னேன். வேதக்காரங்களுக்கு அவர்கள் சட்டத்தை மாரியம்மனைக் கும்பிடுகிற நான் சொல்ல வேண்டியதாகப் போயிற்று. "சட்டம் எனக்கும் தெரியும். இது என் வேண்டுதல்" என்றார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். சுவரில் மிலான் தம்பி சின்னப் பிள்ளையில் மாதா கோயிலில் புதுநன்மை எடுத்த போட்டோ இருக்கிறதே, அதைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. சிஸ்டர், எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

"என் மகள வேணாம்னு கேக்கிறதுக்குத்தானா இப்புடி நோவுறீங்க?" என்றேன்.

"வேணாம்னு கேக்கல. மாதா கோயில்ல வச்சுக் கல்யாணம் நடக்கட்டும்னு கேட்டேன்" என்றார்கள். அதைச் சொல்வதற்கே மூச்சு இரண்டு தடவை நின்றது.

எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் சொன்னேன்: "ஜீவராணிய கைப்புள்ளையா உங்க மடியில விட்டுட்டுத்தான் நான் மலைக்குப் போனேன். அவளுக்குக் காச்சல்னா மொதல்ல தெரியிறது உங்களுக்கு, அப்புறந்தான் எனக்கு. அவ அழுதா நீங்க பொறுக்க மாட்டீங்க. நீங்க இப்புடிக் கெடக்கிறத அவ பாத்தா பொறுப்பாளா?"

அழுதுவிட்டார்கள். அழுதால் தையல் இழுக்கிறது. தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு அழுதார்கள். அப்புறம் அவர்களாகவே கையை நீட்டினார்கள். முதலில் கஞ்சியை ஊட்டினேன், பிறகு இரண்டு மாத்திரையும் கொடுத்தேன், வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். பிள்ளைக் காம்பராவில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும்போது அவர்கள் செய்வது அதுதான். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றித் தோளில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு கீழே இறங்கியது. சாயந்தரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் அந்தக் கடைசி வரை நடந்து வந்தார்கள். அதிலிருந்து மாத்திரை நேரம் தவறவில்லை.

மிலானுக்குச் சொல்லக் கூடாது என்று சொன்னார்கள். நான் ஜீவராணிக்குச் சொல்லிவிட்டேன். அதற்கு என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வீரம்மா

---

தியான மடம், சிலாபம்.
02.04.2024

உயிர்த்த ஆண்டவரில் அன்பான அக்காவுக்கு,

பாஸ்குத் திருநாள் வாழ்த்துக்கள். எழுத அனுமதி கிடைத்ததும் முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். தையல் ஆறிவிட்டதா? நன்றாகச் சாப்பிட முடிகிறதா?

"வலி ஒன்றும் பெரிதாக இல்லை" என்று எழுதினீர்கள். உங்கள் கடிதமும் வீரம்மாக்காவின் கடிதமும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். உங்களைக் கோபிக்க எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது.

ஒப்புக்கொடுத்தலைப் பற்றி நான் இங்கே நிறையக் கேட்டிருக்கிறேன். விலக்க முடியாத வலி வந்தால் அதை ஆண்டவரிடம் கொண்டு போகலாம். அது அவரோடு பேசுகிற ஒரு வழி. ஆனால் மாத்திரையைத் துப்பிவிட்டுப் படுத்துக்கொண்டு, நான் இவ்வளவு வலி தருகிறேன், நீ என் மகனைத் தா என்று கேட்பது பேச்சு இல்லை அக்கா, பேரம். நம் அம்மாவுக்கு வார்டில் ஊசி போடும் நேரம் தாமதமானால் நர்ஸைக் கூப்பிட ஓடியது நீங்கள்தானே. அம்மாவின் வலியில் ஆண்டவருக்கு என்ன லாபம் என்று அப்போது ஒரு நாளும் நினைத்திருக்கமாட்டீர்கள்.

மிலான் கோயிலில் கல்யாணம் முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பதற்கு இங்கே நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம். அந்த வேலையை எங்களிடம் விடுங்கள். நீங்கள் அந்தப் பிள்ளைகளோடு பேசுங்கள். அது எங்களால் முடியாது.

பன்னிரண்டாம் திகதி நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அன்று எனக்கு மாவரைக்கும் முறை. வெங்காயம் உரிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாரம் தூக்காதீர்கள். குழந்தையும் பாரம்தான்.

உங்கள் தங்கச்சி,
மெரினா

---

கொட்டகலை.
19.04.2024

அன்புள்ள மெரினாவுக்கு,

உனக்கும் பாஸ்கு வாழ்த்து, புதுவருட வாழ்த்து. நான் இப்போது நிஜமாகவே சுகம். தையல் ஆறிவிட்டது. கொஞ்சம் எண்ணெய் சேர்த்தும் சாப்பிடுகிறேன். பிள்ளைக் காம்பராவில் தூக்குகிற வேலை இன்னும் இல்லை. தொட்டிலை ஆட்டுவதோடு சரி.

நீ எழுதியது கடினமாக இருந்தது. இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது பேரம் என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. நீ சொன்னது சரிதான். அந்த வலி எப்படி இருந்தது என்று இப்போது உனக்குச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு செபம்கூட முழுதாக ஞாபகம் வரவில்லை. "அருள் நிறைந்த" என்று தொடங்குவேன், அதற்கு மேல் போகாது. மாத்திரை போட்டு வலி இறங்கிய பிறகுதான் முழுவதும் சொன்னேன்.

மிலானும் ஜீவராணியும் வந்து போன கதையைச் சொல்ல வேண்டும். மார்ச் மாதமே ஃபோனில் அழுதான். குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் வந்துவிட்டார்கள், சித்திரைப் புதுவருடத்துக்கும் வந்தார்கள். முதல் தடவை வந்தபோது வாசலில் நின்றுகொண்டே, "ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியவில்லை. "சொன்னா நீ வருவ. வந்தா அவளையும் கூட்டிக்கிட்டு வருவ. வந்தா நான் என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல" என்றேன். அவள் அவனுக்குப் பின்னால்தான் நின்றாள். கேட்டிருப்பாள். சொல்லிவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஆபரேஷனிலிருந்து கையைத் தூக்கித் தலைக்குக் குளிக்கப் பயந்துகொண்டு, நான் சும்மா முடிந்து வைத்திருந்தேன். கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டு என்னை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சுடுதண்ணீரில் அலசிவிட்டாள். வயிற்றில் தண்ணீர் படாமல் மெதுவாகச் செய்தாள். "ஆயா, சூடு சரியா?" என்று கேட்டாள். பிள்ளைக் காம்பராப் பிள்ளைகள் எல்லாம் என்னை அப்படித்தான் கூப்பிடும். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அத்தை என்று மாற்றப் பார்த்தாள், நாக்கு வளையவில்லை. ஆயா என்றே இருக்கட்டும் என்று சொன்னேன்.

நான் கேட்டது கிடைக்கவில்லை மெரினா. அதை உனக்கு மறைக்கமாட்டேன். புதுவருடத்துக்கு மறுநாள் மிலான் என்னை மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப் போனான். ஜீவராணியும் வந்தாள். வெளியே நிற்பாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் எங்களுக்காக வந்தாள், அவ்வளவுதான். அதை வைத்து நான் எதையும் கட்டி எழுப்பப் போவதில்லை.

உன் வெங்காயக் கதையை வாசித்தேன். ஒன்றும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு நிறைய எழுதிவிட்டாய். நீ சிறுமியாக இருந்தபோதும் அழ வேண்டுமென்றால் அடுப்புப் புகைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மார்கிரட்

---

தியான மடம், சிலாபம்.
28.04.2024

அன்பான அக்காவுக்கு,

இங்கே நல்ல வெயில். எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை மடத்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தலை அலசிய இடம் வந்ததும் அம்மா என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் மாதத்தில் குடும்பத்தார் வந்து பார்க்கலாம். அதற்குள் நீங்கள் ரயில் ஏறலாம் அல்லவா? நான்கு பேரும் வாருங்கள். வீரம்மாக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள், பார்க்க வருகிறவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். டாக்டரிடம் மறுபடி காட்டினீர்களா? வெட்டி எடுத்த பையைச் சோதனைக்கு அனுப்புவார்களாமே. அந்த முடிவு வந்ததும் எழுதுங்கள். அதுவரை எனக்கு நிம்மதி இல்லை.

உங்கள்
மெரினா

---

கொட்டகலை.
07.05.2024

அன்புள்ள மெரினாவுக்கு,

முதலில் முடிவு. பயப்படும்படி ஒன்றும் இல்லை. கல்லும் வீக்கமும் மட்டும்தான், வேறு எதுவும் இல்லை என்று சோதனையில் வந்திருக்கிறது. ஆண்டவருக்குத் தோத்திரம். நீ இனிமேல் நிம்மதியாகத் தூங்கு.

நேற்று கிளினிக் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். வீரம்மா ஒரு நாள் சம்பளத்தைப் பார்க்காமல் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் நின்று கூட வந்தாள். டாக்டர் கௌசி தையல் இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளுசை எல்லாம் ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டது. நான் வீரம்மாவைப் பார்த்தேன். அவள் மேல்கூரையைப் பார்த்தாள். முதல் நாள் போடவில்லை, பிறகு போட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். டாக்டர் ஏசவில்லை. "முதல் நாள்தானே அம்மா கூடுதலா நோகும்" என்று மட்டும் சொன்னது. ஒரு மாதம் போனால் பிள்ளைகளைத் தூக்கலாம் என்றும் சொன்னது.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். மருந்து எடுக்கும் இடத்தில் சிங்கள நர்ஸ் ஒருத்தி இருந்தாள். நல்ல பிள்ளை. வீரம்மா என் பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு எனக்கு உட்கார இடம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "மே கவுத?" என்று கேட்டாள். யார் இவர் என்று. எனக்குச் சந்தைக்குப் போகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். சம்பந்தி என்பதற்குச் சொல் தெரியாது. மகனுடைய மனைவியுடைய அம்மா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொல்லலாம் என்று பார்த்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. பக்கத்து வீடு என்று சொல்லத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்து அந்தப் பிள்ளையே, "நங்கித?" என்று கேட்டது. தங்கச்சியா என்று.

ஓவ், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீரம்மாவுக்குக் கேட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உனக்குக் கோபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் வருகிறோம்.

உன் அக்கா,
மார்கிரட்